பூனையின் பிடரியில் என் பழைய நம்பர்

படிவத்தில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. ஏழை நிரப்பினேன். எட்டாவது கட்டம், உரிமையாளரைப் பிடிக்க முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டது. அதில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கோடு கிழித்தேன். எங்கள் தொழிற்சாலைப் பழக்கம் அது. எந்தப் பதிவேட்டிலும் காலிக் கட்டத்தை அப்படியே விடக் கூடாது. விட்டால் பிறகு யாராவது வந்து எதையாவது எழுதிவிடலாம். கோடு போட்டுவிட்டால் அங்கே இனி யாருக்கும் இடமில்லை.

அன்று ஓசூரில் கால்நடை மருத்துவரின் மேசையில் யாருக்கு இடமில்லை என்று எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். அவள் அப்போது என் பக்கத்திலேயே பூனையின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளும் நானும் ஓசூரில் ஒரே வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். ஒரே தொழிற்சாலை, ஒரே தரப் பரிசோதனைப் பிரிவு. நான் எல்லையோரப் பேரிகை ஊர்க்காரி, வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம் என்று வளர்ந்தவள். அவள் திருநெல்வேலிப் பக்கம். வேலையில் எனக்கு ஒன்றரை ஆண்டு இளையவள், அதனால் என்னை 'யக்கா' என்பாள்.

பூனையைக் கொண்டுவந்தது நான். தொழிற்சாலையின் பின்புறம் காலி நீலப் பெட்டிகளை அடுக்கியிருக்கும் இடத்தில், ஒரு பெட்டிக்குள் கிரீஸ் பூசிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. செய்தது எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், இன்றும் நோட்டில் இருக்கிறது: குடற்புழு மருந்து மூன்று முறை, தடுப்பூசி, அதன் மறுஊசி, கருத்தடை அறுவை, தையல் பிரிக்க ஒரு தடவை, காதுப் பேனுக்கு இரண்டு தடவை. மணல் தட்டைக் கழுவியது என் முறை, அவள் முறை என்றெல்லாம் இல்லை. எல்லா நாளும் என் முறைதான். அவள் செய்தது ஒன்றே ஒன்று. ஷிப்ட் முடிந்து வந்து பாயில் மல்லாந்து படுப்பாள். பூனை என் கட்டிலிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து போய், அவள் வயிற்றின் மேல் சுருண்டுகொள்ளும்.

"யக்கா, ஒங்க பூனைய எடுங்க. மூச்சு முட்டுது."

எடுக்க மாட்டேன். எடுத்தால் அது திரும்பவும் அங்கேதான் போகும், அதை நான் இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். அவள் எப்போதும் 'ஒங்க பூனை' என்றுதான் சொன்னாள். எடுத்துக்கொள்ளாமலே எல்லாம் கிடைத்தவர்கள்தான் அப்படிப் பேச முடியும் என்று தோன்றும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூனை காணாமல் போனபோதுதான் மருத்துவர் சிப் பற்றிச் சொன்னார். அந்தப் பூனையின் கழுத்துப்பட்டை மட்டும் ஒரு முள்வேலியில் மாட்டியிருந்ததாம். பட்டை கழன்றுவிடும், சிப் கழலாது. அரிசி அளவு கண்ணாடிக் குப்பி. ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் பதினைந்து இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். பேட்டரி கிடையாது. பூனை சாகும்வரை அப்படியே இருக்கும்.

எனக்கு இது உடனே பிடித்துப்போனது. என் வேலையே அதுதான். நாங்கள் செய்யும் பிரேக் பாகம் ஒவ்வொன்றிலும் ஒரு கடின ஊசி டகடகவென்று குத்தி எண் பதிக்கும். எந்த ஊருக்குப் போனாலும், எவ்வளவு துரு ஏறினாலும், அந்த எண்ணைப் படித்தால் எந்த நாள், எந்த இயந்திரம், எந்த ஷிப்ட் என்று சொல்லிவிடலாம். அவளிடம் அப்படித்தான் விளக்கினேன்.

"அப்ப இது எங்க சுத்துதுன்னு போன்ல பாத்துக்கிடலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா. யாராவது பூனையப் புடிக்கணும், ஸ்கேனர் இருக்கற எடத்துக்குக் கொண்டு போகணும், நம்பரப் பதிவுல தேடணும், அப்பறம் உங்களுக்குப் போன் பண்ணணும். அதுக்குத்தான் சொல்றேன், போன் நம்பர மட்டும் கரெக்டா குடுங்க. மாத்துனா வந்து சொல்லுங்க."

"அப்ப நல்ல மனுசன் கையில மாட்டுனாத்தான் உண்டு."

"அதேதான்."

படிவத்தில் நான் கம்பெனி நம்பரைக் கொடுத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. கேமரா உள்ள போனை எங்கள் உற்பத்திக் கூடத்துக்குள் விட மாட்டார்கள். சொந்த போன் பகல் முழுக்க லாக்கரில் கிடக்கும். கேமரா இல்லாத சின்ன போன் ஒன்றைக் கம்பெனி என் பொறுப்புக்குத் தந்திருந்தது. இடுப்பில் எப்போதும் அதுதான் இருக்கும். பூனை தொலைந்தால் உடனே எடுக்கக்கூடிய நம்பர் எதுவோ அதைத்தானே தர வேண்டும்? யோசித்து, சரியாகத்தான் கொடுத்தேன். வெளியே வந்தபோது எனக்கு ரொம்ப நாள் கழித்து மனம் அடங்கியிருந்தது. யார் வயிற்றின் மேல் வேண்டுமானாலும் படுக்கட்டும். தோலுக்கடியில் என் பெயர்.

ஏழு மாதம் கழித்து என்னைப் போச்சம்பள்ளி ஆலைக்கு மாற்றினார்கள். புதிய லைன் தொடங்குகிறார்கள், நான் போய் எண் பதிக்கும் முறையை அங்கே நிறுவ வேண்டும். நல்ல வாய்ப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். ஓசூரில் நான்கு ஆண்டுகள் நான் உருவாக்கிய இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள்.

ஒப்படைப்புப் பட்டியலை நானே தயாரித்தேன். அளவுக் கருவிகள், ரப்பர் முத்திரை, அலமாரிச் சாவி, பதிவேடுகள் என்று பதினான்கு இனம். பதினோராவது: கைபேசி ஒன்று, சிம்முடன். கம்பெனி நம்பர் ஆளுக்குச் சொந்தமில்லை, நாற்காலிக்குச் சொந்தம். யார் அதில் உட்கார்ந்தாலும் அதே நம்பர். நான் கையெழுத்துப் போட்டேன், அவள் எதிரே போட்டாள், போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு அந்த நேரம் பூனை ஞாபகமே வரவில்லை. என் நாற்காலிதான் கண்ணில் நின்றது.

அடுத்த வாரம் போச்சம்பள்ளியிலிருந்து ஒரு சந்தேகம் கேட்க என் பழைய நம்பருக்கே போட வேண்டியிருந்தது. "குவாலிட்டி பேசுதேன்" என்றது அவள் குரல். நான்கு ஆண்டுகள் நான் சொன்ன சொல்.

மூன்று மாதம் ஓசூரிலிருந்தே போய்வந்த பிறகு நான் வீடு மாறினேன், அதற்கு எல்லோரிடமும் ஒரு காரணம் சொன்னேன். போச்சம்பள்ளிக்குப் போகும் கம்பெனி பேருந்து ஓசூரில் கிளம்பி உத்தனப்பள்ளி வழியாகப் போகும். உத்தனப்பள்ளியில் ஏறினால் காலையில் நாற்பது நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம். உண்மைதான். ஆனால் நாற்பது நிமிடத் தூக்கத்துக்காக யாரும் வீடு மாறுவதில்லை. அவள் வயிற்றிலிருந்து பூனையை எடுத்துவிட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிளம்பும் நாளில் பெட்டி கட்டிக் கொடுத்ததும் அவள்தான். இரண்டு நீலப் பெட்டிகளை வாய்க்கு வாய் வைத்து, நாடாவால் கட்டி, உள்ளே அவளுடைய பழைய துப்பட்டாவை விரித்தாள். "வாசனை இருந்தா பயப்படாதுக்கா" என்றாள். வண்டி தெரு முனை திரும்பியதும் நிறுத்தச் சொல்லி, துப்பட்டாவை உருவிவிட்டுச் செய்தித்தாள் விரித்தேன். துப்பட்டாவைத் தூக்கிப் போடவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

உத்தனப்பள்ளி வீடு ஒரு தக்காளித் தோட்டத்தின் ஓரம். வீட்டுக்கார அம்மாவின் நிலம்தான் சுற்றிலும். காலையில் கொட்டகையில் பெட்டி பெட்டியாகத் தக்காளி அடுக்கி, மினி லாரியில் ஏற்றிக் கர்நாடகப் பக்கம் அனுப்புவார்கள். பூனை ஒரு வாரம் கட்டிலுக்கடியில் கிடந்தது. பிறகு கொட்டகைக்குப் போய்க் காலிப் பெட்டிகளில் உட்கார ஆரம்பித்தது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நான் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது இல்லை.

"பூன எங்க போவும் பாப்பா? எலி இருக்கற எடத்துல இருக்கும்" என்றார் வீட்டுக்கார அம்மா. "என் கொட்டாயில இல்லாத எலியா?"

தேடிய இடங்களை எழுதிக்கொண்டேன். கொட்டகை, மோட்டார் அறை, பாலித்தீன் கூரை போட்ட இரண்டு பாலிஹவுஸ், கோயில் மதில், பள்ளிக்கூடச் சமையலறை, ராயக்கோட்டை சாலையின் இரு பக்கமும் ஒன்றரை கிலோமீட்டர். ஒவ்வொன்றின் எதிரிலும் பார்த்த நேரம். சாலையோரத்தைக் குனிந்து பார்த்து நடக்கும்போது மட்டும் எழுதவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. அவள் இரண்டு நாளுக்கு ஒரு முறை கூப்பிடுவாள், வேலைச் சந்தேகம் கேட்டுவிட்டு, "ஒங்க பூனை எப்படி இருக்கு?" என்பாள். சாப்டுச்சு, தூங்குது, வெளையாடுது என்று விதவிதமாகச் சொன்னேன். போனவள் போன வேகத்தில் பூனையைத் தொலைத்தாள் என்று அவள் நினைக்கக் கூடாது. அதைவிட, அவள் வந்து தேடி, அவள் ஒரு சத்தம் கொடுத்து, அது ஏதாவது புதரிலிருந்து ஓடி வந்துவிட்டால்? அதை என்னால் பார்க்க முடியாது. அந்த ஒரு காட்சிக்குப் பயந்து ஒன்பது நாள் உதவி கேட்கவில்லை.

எனக்கு சிப் இருக்கும் தைரியம். யாராவது பிடித்திருப்பார்கள், ஸ்கேன் செய்வார்கள், போன் வரும். என் சொந்த போனை லாக்கரில் வைக்காமல் வாசல் பாதுகாவலரிடம் கொடுத்து, எந்த நம்பரிலிருந்து வந்தாலும் எடுக்கச் சொன்னேன். ஒன்பது நாள் அந்தப் போனையே நம்பியிருந்தேன். படிவத்தில் எழுதிய நம்பர் அது இல்லை என்பது என் மூளையில் ஏறவே இல்லை. பாகத்துக்குப் பாகம் எண் சரிபார்க்கிறவள் நான்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், வாசலில் போனை வாங்கிய கையோடு அது அடித்தது. என் பழைய நம்பர். அவள்.

"யக்கா, சாப்டாச்சா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேதான். ஒங்க பூனை என்ன செய்யுது?"

"தூங்குது. காலைல வரும்போது கட்டில்மேல படுத்திருந்துச்சு."

 பின்னால் எங்கள் ஓசூர் இயந்திரம் எண் குத்தும் சத்தம் கேட்டது.

"அப்படியா" என்றாள். "அப்ப அத்திப்பள்ளி ஆஸ்பத்திரில இருக்கது யாருக்கா?"

போனைக் காதில் இன்னும் அழுத்தினேன்.

"பத்து நிமிசம் முன்னால ஒரு மேடம் கூப்பிட்டாங்க. பேரு ஒங்க பேரச் சொல்லுதாங்க, பூனை கெடச்சிருக்குங்காங்க. நான் என்னமோ ஏமாத்து வேலன்னு வைக்கப் போனேன். வாலு நுனி வெள்ளையான்னு கேட்டேன். ஆமான்னாங்க." அவள் குரல் உயரவில்லை. "எத்தன நாளாச்சு?"

"ஒம்பது."

"அர நாள் லீவு சொல்லிட்டேன். ஓசூர் வாங்க. ஸ்கூட்டர்ல போயிருவோம்."

மூன்று மணிக்கு ஓசூர் வந்தேன். அவள் ஸ்கூட்டரோடு நின்றாள். காலடியில் அதே இரண்டு நீலப் பெட்டிகளைப் போல வேறு இரண்டு. ஜூஜூவாடி தாண்டினோம். கர்நாடக எல்லையில் லாரிகள் தேங்கி நின்றபோது முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் திட்டுவேன்னு சொல்லலையா?"

"இல்ல."

"பின்ன?"

"நீ அழுவேன்னு சொல்லல."

"அழுதா என்ன?"

"அது என் பூனைடி. நான்தான் அழணும்."

அவள் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடியது. பக்கத்து லாரிக்காரர் கன்னடத்தில் எங்கள் இருவரையும் சேர்த்து ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நியாயமாகத்தான் சொன்னார்.

அத்திப்பள்ளி சிகிச்சை நிலையத்தில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தார். எங்கள் கொட்டகையிலிருந்து போன தக்காளிப் பெட்டிகளோடு பூனை ஒரு காய்கறிக் கடையில் இறங்கியிருக்கிறது. கடைக்காரர் மனைவி ஒரு வாரம் பால் வைத்திருக்கிறார். பின்னங்காலில் புண் சீழ் வைத்ததும் இங்கே தூக்கி வந்திருக்கிறார். ஸ்கேனரை முதுகில் வைத்ததும் எண் வந்திருக்கிறது.

"பெக்கு, பூனை குடுக்கறதுக்கு ரெண்டு விஷயம் சேரணும் மேடம்" என்றார் அந்தப் பெண். "பதிவுல இருக்கிற பேருக்கு ஐடி காட்டணும். பதிவுல இருக்கிற நம்பருக்கு நான் இங்கிருந்து அடிப்பேன். என் முன்னாடி அது அடிக்கணும். சும்மா வந்து என்னுது என்னுதுன்னு எடுத்துப் போறவங்க ஜாஸ்தி."

என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். பெயர் சரி. அவர் மேசைப் போனில் நம்பரை அழுத்தினார். அவள் கைப்பைக்குள் அடித்தது. நான் வைத்த மணியோசை. நாலு மாதமாகியும் அவள் மாற்றவில்லை.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "பேரு இவங்களது. போன் அவங்களது. ரெண்டு பேரும் ஒரே மனையா?"

"இல்ல" என்றேன் நான். "ஆமா" என்றாள் அவள். ஒரே நேரத்தில்.

நாற்காலி, நம்பர், போச்சம்பள்ளி மாற்றம் என்று நான் கன்னடத்தில் முழுக்கச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார். "இப்போ சரி பண்ணிடலாம். ஓனர் பேரும் மாத்தணுமா? போன் எடுத்தவங்க அவங்கதான். அவங்க பேருக்கே போட்டுக்கலாம்."

 ஒன்பது நாள் பொய் சொன்னவள் நான். 'ஆமா' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. உள்ளே இருந்து பூனையைக் கூண்டோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். மெலிந்திருந்தது. காலில் கட்டு. கூண்டைத் திறந்ததும் எங்கள் இருவரையும் மோந்தது. என் விரலை ஒரு முறை. பிறகு நேராகப் போய் அவள் முழங்கை மடிப்புக்குள் தலையைச் செருகிக்கொண்டது.

"பேரு அப்படியே இருக்கட்டும்" என்றாள் அவள். "அவங்க பூனைதான்." பூனையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால் அவள்மேல் பொறாமை குறையவில்லை, இன்னும் கூடியது. இந்தக் குணமுமா அவளுக்கே?

மருத்துவர் வந்து கட்டைப் பார்த்தார். புண் ஆறப் பத்து நாளுக்கு மேல் ஆகும், அதுவரை பழகிய வீட்டில் மட்டும் வையுங்கள், புதிய இடம் வேண்டாம் என்றார். பழகிய வீடு எது என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தை எடுத்து முகவரிக் கட்டத்தில் ஓசூர் வீட்டின் கதவு எண்ணை எழுதினேன். நம்பர் கட்டத்தில் என் சொந்த நம்பர். எட்டாவது கட்டம் வந்தது. பேனா அந்த முனையில் போய் நின்றது. கோடு இழுக்கக் கை தானாகவே தயாராக இருந்தது.

"ஒன் நம்பர் சொல்லு" என்றேன்.

"அதான் தெரியுமேக்கா. ஒங்க பழைய நம்பர்தான்."

"அது நாற்காலி நம்பர்டி. நாளைக்கு உன்னயும் மாத்துவாங்க. உன் சொந்த நம்பரச் சொல்லு."

இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்கு மனப்பாடமாக இல்லை. அவள் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். எழுதிவிட்டு, பழக்கப்படி இரண்டு இலக்கமாகப் பிரித்துத் திருப்பிப் படித்துக் காட்டினேன். "சரி" என்றாள். பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

திரும்பும்போது பெட்டி என் மடியில் இருந்தது. ஓசூர் வீட்டில் நாடாவை அவிழ்த்தபோது மூன்று வாரமாகப் பையிலேயே வைத்துத் திரிந்த துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், துவைத்து மடித்திருப்பதையும் பார்த்தாள்.

"துவச்சே போட்டீங்களாக்கா? வாசனையெல்லாம் போயிருக்குமே."

"ஆமா" என்றேன்.

பூனை இன்றும் ஓசூரில்தான் இருக்கிறது. கால் ஆறிய பிறகும் திருப்பிக் கொண்டுபோகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பேருந்து உத்தனப்பள்ளியில் நிற்கும்போது இறங்க மாட்டேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஓசூரில் இறங்குவேன். மணல் தட்டைக் கழுவுவேன். எடை பார்த்து நோட்டில் எழுதுவேன். அது என் மடியில் சற்று நேரம் இருந்துவிட்டுத் தரையைக் கடந்து அவள் வயிற்றுக்குப் போகும். ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன், பழகவில்லை.

போன வாரம் அவள் பூனையின் பிடரியில் விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். "எங்கக்கா இருக்கு அந்த அரிசி? தட்டுப்படவே மாட்டேங்கு."

சிப் போட்ட இடத்தில் இப்போது இல்லை. நாளாவட்டத்தில் தோலுக்கடியில் கொஞ்சம் நகர்ந்து இடது தோளுக்குப் போயிருக்கிறது. பூனை முன்காலை நீட்டும்போது மட்டும் விரல் நுனிக்குச் சின்னதாகத் தட்டும். எனக்கு அந்த இடம் தெரியும்.

"தேடு, இருக்கும்" என்றேன். இன்னும் காட்டித் தரவில்லை.